இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை

“மூணு மணி நேரம் இல்லடா,” என்றாள் அக்கா. “ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டணும்.”

தம்பி மூன்றை அழித்துவிட்டு இரண்டு என்று தட்டினான்.

கட்டிலுக்கு முதுகைக் காட்டி ஜன்னலோரம் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். மருத்துவப் படிப்புக்கான விண்ணப்பம். மதிப்பெண்ணெல்லாம் ஏற்றியாகிவிட்டது. ‘உங்களைப் பற்றி ஒரு பக்கம்’ என்கிற கட்டம்தான் பாக்கி. சாயங்காலம் ஐந்து மணியோடு கெடு முடிகிறது.

அந்த ஒரு பக்கத்தில் அவன் படுத்த படுக்கையான அப்பாவைப் பார்த்துக்கொண்டான். மூன்று வருடமாக, தன்னந்தனியாக, கண் விழித்து.

நிஜத்தில் அவன் அப்பாவின் தலையணை உறையைக்கூட மாற்றியதில்லை. படிக்கிற பிள்ளையாயிற்றே, அவன் அறைக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும்.

அதனால்தான் இன்று அக்கா தேவைப்பட்டாள். அந்தப் பக்கத்தை வாசிக்கப் போகிற மூன்று பேரும் வார்டில் பழம் தின்று கொட்டை போட்ட டாக்டர்களாம். பொய் என்றால் மூக்கில் வியர்த்துவிடுமாம். அவனேதான் சொன்னான்.

அக்கா அப்பாவைத் தன் பக்கம் சாய்த்துப் பிடித்து, எட்டி அவர் முதுகை ஈரத் துணியால் துடைத்தபடியே திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊட்டும்போது தாடையைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும், அண்ணாந்தால் புரையேறும். குதிகால் மெத்தையில் படக் கூடாது. புரட்டிப் படுக்க வைத்தால் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கவாதம் அவருக்கு விட்டுவைத்தது காதையும் கண்ணையும்தான். கண்ணை ஒரு முறை இறுக்கி மூடித் திறந்தால் சரி என்று அர்த்தம். இரண்டு முறை என்றால் வேண்டாம். இந்த ஏற்பாடு தம்பிக்குத் தெரியுமோ என்னவோ.

பார்க்கப்போனால் இந்த வருடம் அவள் முறை. போன வருடம் தனக்கு இடம் கிடைக்காமல் உட்கார்ந்து அழுதபோது அவனே சொன்னது: அடுத்த வருடம் நீ எழுது, அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். விண்ணப்பம் திறந்த அன்று முதல் ஆளாய் உட்கார்ந்ததும் அவன்தான். கேட்டால், தனக்கு வயது ஏறுகிறதே என்றான். நான்கு வருடம் மூத்த அக்காவுக்கு வயது இறங்கிக்கொண்டிருந்தது போலிருக்கிறது.

போகட்டும் என்று விட்டுவிட்டாள். ஒருவனாவது கரையேறினால் தனக்கும் ஒரு வழி பிறக்காதா என்று நினைத்தாள், பாவி மகள்.

“முதல் பாராவை வாசிக்கிறேன், கேளுக்கா.”

வாசித்தான். ‘தாயை இழந்த வீட்டில் என் தந்தைக்கு என்னைத் தவிர வேறு யாருமில்லை. எனக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது.’

அவள் கை அப்படியே நின்றது.

“நான் எங்கடா போனேன்?”

“தப்பா எடுத்துக்காத. வீட்ல இன்னொரு ஆள் இருந்தா, அவங்கதான் பாத்திருப்பாங்கன்னு தோணிடும். நீ இல்லாம இருந்தாத்தான் படிக்க நல்லா இருக்கு.”

கமாவை எடுத்துவிட்டுச் சொல்கிறவன் போலச் சாதாரணமாகச் சொன்னான்.

அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு முறை கண்ணை மூடுவார் என்று காத்திருந்தாள்.

மூடவில்லை.

துணியை வாளியில் நனைத்துப் பிழிந்தாள். அப்பாவின் இடுப்புக்குக் கீழே, வால் எலும்பின் மேல், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு. படுத்த முதல் மாதம் வந்த புண். ஆறுவதற்கு ஏழு மாதம் பிடித்தது.

“கடைசி பாரா சப்புன்னு இருக்குக்கா. மனசைத் தொடுற மாதிரி ஏதாவது சொல்லேன்.”

தழும்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“எழுதிக்கோ. அப்பா உடம்புல எங்க சிவந்தாலும் எண்ணெய் போட்டு, சிவப்பு மறையிற வரைக்கும் அழுத்தித் தேச்சு விடுவேன். மூணு வருஷத்துல ஒரு நாள் தவறினதில்ல.”

“இது போதும்க்கா. இதுக்கே சீட்டு குடுத்துடுவாங்க.”

மடமடவென்று தட்டினான். தட்டும் சத்தம் கேட்கக் கேட்க அப்பா கண்ணை இறுக்கி மூடித் திறந்தார். இரண்டு முறை.

அந்த முதல் மாதம் அவள் அப்படித்தான் தேய்த்தாள். இரண்டே நாள். மூன்றாம் நாள் வந்த நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டார். சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது, தேய்த்தால் உள்ளே சதை செத்து அழுகிவிடும், வார்டில் கால் வைத்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது என்றார். அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார்.

“அனுப்பிடவா?” என்றான் தம்பி, திரும்பாமல்.

அப்பா மறுபடி இரண்டு முறை மூடினார். மறுபடியும் இரண்டு. மகளின் பெயர் அழிந்தபோது சும்மா இருந்த கண்ணில் இப்போது நீர் கோத்திருந்தது.

“அனுப்புடா,” என்றாள்.

புரட்டுவதற்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அவள் அப்பாவைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தாள். முழங்கால்களுக்கு நடுவே தலையணையை மறக்காமல் வைத்தாள்.