ஓரத்து மீட்டர்

அந்தச் சின்ன விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பி ஐந்நூறு அடிகூட ஏறவில்லை. நாத்தனார் பக்கத்துக் கதவு படாரென்று திறந்துகொண்டது.

முழுசாக ஒன்றும் இல்லை, நாலு விரல் இடைவெளிதான். அதற்கே காற்று போட்ட கூச்சல் ஹெட்போனுக்குள் வரைக்கும் வந்தது.

ஓட்டிக்கொண்டிருந்த இவளுக்குத் தெரியும், திறந்த கதவு விமானத்தைக் கவிழ்க்காது. கதவைச் சாத்துகிறேன் பேர்வழி என்று ஓட்டுவதைக் கோட்டை விட்டவர்கள்தான் கவிழ்ந்திருக்கிறார்கள்.

நாத்தனாருக்கு அது தெரிய வேண்டுமே! கடை கடையாக ஏறித் தராசைச் சோதித்து, குறை கண்டால் பறிமுதல் செய்கிற உத்தியோகம் அவளுக்கு. குறை கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. பாய்ந்து கதவை இழுத்தாள். அவள் முழங்கால் முன்னாலிருந்த, விமானத்தைத் திருப்பும் கைப்பிடியில் இடித்தது. இவள் பக்கம் ஒன்று, அவள் பக்கம் ஒன்று என்று இருந்த இரண்டு கைப்பிடிகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இறக்கை ஒருபக்கமாகச் சாய்ந்தது.

இவள் பிடித்து நிமிர்த்தினாள்.

தம்பி பெண்டாட்டி ஓட்டுகிற விமானத்தில் ஏறுவதா என்று மூன்று வருஷம் முரண்டு பிடித்தவள், இன்றைக்குத்தான் மனம் இறங்கி வந்திருந்தாள். இன்றைக்கா இப்படி ஆக வேண்டும்?

கத்தினால் காரியம் கெடும். அந்தக் கைகளுக்கு வேறு வேலை வேண்டும்.

“அண்ணி, கதவை விடுங்க. அந்த ஓரத்து மீட்டரையே பாருங்க. முள்ளு பச்சையை விட்டு நகர்ந்தா உடனே சொல்லணும்.”

அது எப்போதோ செத்துப்போன மீட்டர். வேறிடத்தில் புதிது பொருத்திய பிறகும், பலகையில் ஓட்டை தெரிய வேண்டாமே என்று கழற்றாமல் விட்டிருந்தார்கள்.

நாத்தனார் கதவை விட்டாள். கையை இறுக்கக் கட்டிக்கொண்டு மீட்டரைப் பார்த்தாள். பச்சையில்தான் இருக்கிறது என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதையே சொன்னாள். அவசரமே இல்லாத குரல்.

பெரியவளை ஏமாற்றுகிறோமே என்று இவளுக்கு உறுத்தியது. ஆனாலும் அந்தக் குரல் கேட்கக் கேட்க ஒவ்வொரு வேலையாக நடந்தது. இறங்க அனுமதி கேட்டாள். வேகத்தைக் குறைத்தாள். வட்டமடித்து ஓடுபாதைக்கு நேராகத் திரும்பினாள். சக்கரம் தரையைத் தொட்டு ஓடி, விமானம் ஓரங்கட்டி நின்ற பிறகுதான் மூச்சே வந்தது.

இன்ஜினை நிறுத்தினாள். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

நாத்தனார் முந்திக்கொண்டாள்.

“அத்தனை ஆட்டத்துல ஒரு தடவைகூட அசையாத முள்ளு உயிரோடவா இருக்கும்? உன் குரல்தான் நடுங்குச்சு. நான் சொல்லச் சொல்ல அடங்குச்சு. அதான் சொல்லிக்கிட்டே வந்தேன்.”

சொல்லிவிட்டு, கட்டியிருந்த கையைப் பிரித்து சீட் பெல்ட்டைத் தேடினாள். இரண்டு தடவை முயன்றும் கொக்கி பிடிபடவில்லை. விரல்கள் அப்படி உதறின.

இவள் குனிந்து அவிழ்த்துவிட்டாள்.