இரண்டு தரவுத்தளங்களின் பந்தயம்

"தோக்கிறதை இன்னைக்கே தூக்கிடலாம்டி" என்று செயலி எழுதும் இளவேனி தன் தோழியிடம் சொன்னது, போனுக்குள் இருந்த பூமியின் காதில் விழுந்தது. பூமியும் மின்னியும் தரவுத்தளங்கள். நோயாளிகளின் மருந்து வேளைகளைச் சேமித்து வைக்க இருவரில் ஒருவர் போதும். செயலி இரண்டு வகைப் போன்களிலும் ஓட வேண்டும் என்பதால் பந்தயமும் இரண்டு சுற்று; எழுதி முடித்ததும் கையைத் தூக்க வேண்டும்.

முதல் சுற்றில் பூமி ஒவ்வொரு வேளையையும் போனின் சேமிப்பில் அழுத்தி எழுதிக்கொண்டிருந்தது. பாதிகூடத் தாண்டவில்லை, அதற்குள் மின்னி "முடிஞ்சது!" என்று கையைத் தூக்கிவிட்டது.

தோற்ற பூமி மின்னியின் பக்கங்களை எட்டிப் பார்த்தது. ஓர் எழுத்துகூட இல்லை.

"அடிப்பாவி! எல்லாம் எங்கேடி?"

"மடியிலதான் வச்சிருக்கேன். அப்புறமா எழுதிக்கிறேன்."

"அதுக்குள்ள போன் அணைஞ்சுட்டா? இன்சுலின் போடுறவங்கல்லாம் இருக்காங்கடி!"

"இருக்கட்டுமே. இளவேனி அக்கா நான் கையைத் தூக்கினதும் கடிகாரத்தை நிறுத்தினாங்க. எழுதினேனான்னு திறந்து பார்த்தாங்களா?"

சொல்லி வாய் மூடவில்லை, சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தது. மறுபடி உயிர் வந்தபோது மின்னியின் மடி காலி. பூமி பதறிப்போய் இளவேனியைப் பார்த்தது. அவளோ மின்னி ஜெயித்ததாகக் குறித்துக்கொண்டு, இருவரையும் அடுத்த போனில் ஏற்றினாள்.

"பூமி இந்தத் தடவையும் தோத்தா அழிச்சிடலாம்" என்றாள் தோழி.

இளவேனி கடிகாரத்தை அழுத்தினாள். முதல் நோயாளியின் பெயர் வந்து நின்றது. பூமி அதை எழுதாமலே கையைத் தூக்கியது.