குப்பைக்கூடையில் ஒரு பாட்டில்

"யாருங்க அவ?"

காலைக் காபியை வாய்க்குக் கொண்டுபோன கிளமென்ட் நிமிர்ந்தார். அவர் முன்னால் ஒரு குட்டி க்ரீம் பாட்டிலை நங்கென்று வைத்தாள் மனைவி பேட்ரிசியா. காலி பாட்டில்.

"குப்பைக்கூடையில கெடந்துச்சு. நான் போடல. அப்ப யாரு போட்டா?"

திருச்சி பாலக்கரையில் வேறு வீடாக இருந்தால் இதெல்லாம் ஒரு விஷயமா? இது பேட்ரிசியா வீடு. அறுபத்தேழாம் வருஷம் கல்யாணத்துக்கு வாங்கிய முகத்துக்குப் பூசும் ஸ்நோ பாட்டில்தான் எழுபத்தெட்டிலும். தீர்ந்தால் கழுவிக் காயவைத்து, கடைவீதியில் பிச்சமுத்து கடைக்குக் கொண்டுபோய் நிரப்பிக்கொண்டு வருவாள். பவுடர் டின்னும் அப்படித்தான். அந்த வீட்டுக் குப்பையில் பாட்டில் விழுந்ததே கிடையாது.

கிளமென்ட் திடுக்கிட்டு டம்ளரைச் சாய்த்தார். ஆவி பறந்த காபி இடது சட்டைக்கையில் கொட்டியது. மனிதர் "ஸ்" என்றுகூடச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு ஆடிப்போயிருக்கிறார் என்றால் விஷயம் உண்மைதான். பேட்ரிசியா அப்படித்தான் முடிவுகட்டினாள்.

"என் ஸ்நோ வெள்ளை. இதோட அடியில ஒட்டியிருக்கிறதப் பாருங்க, மாநிறத்துக்குப் பூசுற க்ரீம். அவளும் நம்மள மாதிரி மாநிறமோ?"

"மெதுவாப் பேசு பேட்ரிசியா. பக்கத்து வீட்ல கேக்கப்போவுது."

"கேக்கட்டும்! கத்திரி வெயில்ல முழுக்கைச் சட்டை. கதவைச் சாத்திக்கிட்டு அரைமணி நேரம் கண்ணாடி. திருவெறும்பூர் ஃபேக்டரியில மெஷினுக்குக் காட்டவா இந்த அலங்காரம்?"

கிளமென்ட் சட்டைக்கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். பேட்ரிசியா விடவில்லை.

"ரெண்டு மாசமா தனியாப் பாய் போட்டுப் படுக்கிறீங்க. சின்னவன் மடியில ஏறினா இறக்கி விடுறீங்க. எங்களை விட்டுட்டுப் போயிருவீங்களாங்க?"

"பாட்டிலை நிரப்பத்தான் நெனச்சேன்," என்றார் கிளமென்ட், தரையைப் பார்த்தபடி. "கொண்டுபோனா யாருக்கு சார்னு பிச்சமுத்து கேப்பாரு. அதான் தூக்கிப் போட்டுட்டேன்."

"அடப்பாவி மனுஷா! அப்ப ஒத்துக்கிறீங்க!" பேட்ரிசியா நாற்காலியில் சரிந்து, சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்த்து அழுதாள். "பேரைச் சொல்லுங்க. நானே போய் அவ கால்ல விழுந்து கேட்டுக்கிறேன்."

கிளமென்ட் எழுந்து கதவைத் தாழிட்டார். இடது சட்டைக்கையின் பொத்தானைக் கழற்றி மேலே சுருட்டினார். ஈரத்துண்டால் முன்கையை அழுத்தித் துடைத்தார். துண்டில் மாநிறம் ஒட்டியது. கையில், ரூபாய்க் காசு அகலத்துக்கு வெளிறிய திட்டு ஒன்று தெரிந்தது.

ஒரு நிமிஷம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

"தேமலா? அட, இதை மறைக்கவா இவ்வளவு கூத்து! பைத்தியக்கார மனுஷா, என்னை ஒரு நிமிஷத்துல கொன்னுட்டீங்களே. எலுமிச்சம்பழத்தைத் தேச்சா ஓடிப்போயிரும்!"

ஆசையோடு அந்தக் கையைப் பிடித்தாள். காபி கொட்டிய இடம் கொப்பளித்துக் கிடந்தது. கிளமென்ட் அப்போதுதான் அதைக் குனிந்து பார்த்தார்.

"இது தேமல் இல்ல. நல்லாக் கிள்ளிப் பாரு பேட்ரிசியா… எனக்கு வலிக்கல."