கதவோரத்து முதல் சுவிட்ச்

“இது நம்மாத்து போர்டே இல்லை. வரிசை மொத்தமும் மாறியிருக்கு.”

“அதே ஏழு சுவிட்ச்தானே, காமு?”

“ஏழு இருந்தா ஆச்சா? கதவோரத்துல முதல்ல இருக்க வேண்டியது வாசல் லைட். இப்போ அழுத்தினா ஃபேன் சுத்தறது. லைட்டை எங்கே கொண்டுபோய் ஒளிச்சு வெச்சிருக்கானோ உங்க மதன்.”

‘உங்க மதன்’ என்றதில் குத்தல் இருந்தது. மதனைப் பிடித்து வந்தது பட்டாபிதான். தில்லி மயூர் விஹாரில் அந்த ஃப்ளாட்டுக்குக் குடிவந்து இருபத்தாறு வருஷமாகியும் ஒயரிங்கில் யாரும் கை வைத்ததில்லை. போன வாரம் ஒரு போர்டிலிருந்து புகை வந்ததும், மார்க்கெட்டில் கண்ணில் பட்ட முதல் எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து வீடு முழுவதையும் ஒப்படைத்துவிட்டார். தூசி ஒத்துக்கொள்ளாது என்று மனைவி காமாக்ஷியை நாலு நாள் நொய்டாவில் மகள் வீட்டில் விட்டிருந்தார். இன்று மத்தியானம் திரும்பி வந்தவள், சம்பந்தி வீட்டில் தூசி தேடுகிற மாதிரி ஒவ்வொரு போர்டின்மேலும் விரலை ஓட்டிக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

குறைக்கும் பஞ்சமில்லை. பெட்ரூம் போர்டு சுவரோடு ஒட்டாமல் கோணிக்கொண்டு நின்றது. ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தால் ஃபேன் சோம்பல் முறித்தது. ஒன்றில் வைத்தால் பேயாகச் சுழன்றது. குளியலறையில் எக்ஸாஸ்ட் சுவிட்ச் இருந்த இடத்தில் கீஸர் சுவிட்ச்.

வேறொரு நாளாக இருந்தால் பட்டாபி போகட்டும் என்று விட்டிருப்பார். ஆனால் விடிந்தால் அவருக்குச் சென்னை விமானம். அண்ணாவுக்கு பைபாஸ். பத்து நாளாவது ஆகும். அதுவரை காமாக்ஷி இங்கே தனியாக இருக்கப்போகிறாள். அம்மா என்னோடு இருக்கட்டும் என்று மகள் அனன்யா எவ்வளவோ மன்றாடிப் பார்த்துவிட்டாள். என் வீட்டில் எனக்கு எல்லாம் அத்துப்படி, அங்கே வந்து விருந்தாளியாக உட்கார முடியாது என்று காமாக்ஷி ஒரே பிடியாக இருந்தாள். கடைசியில் மகள் ஒரு நிபந்தனை போட்டாள். இன்று ராத்திரிக்குள் அப்பா போன் பண்ணி, வீட்டில் எல்லாம் பழையபடி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் காரோடு வந்து அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

மதனுக்கு அழைப்பு பறந்தது.

அவன் வரும்போதே வாதத்தோடுதான் வந்தான். ஹிந்தியில் அவன் அடுக்கியதன் சாரம் இதுதான்: பழைய வரிசைக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. அவன் விளக்கெல்லாம் ஒரு பக்கம், ஃபேனெல்லாம் ஒரு பக்கம் என்று அழகாகப் பிரித்து வைத்திருக்கிறான். போதாததற்கு ஒவ்வொரு சுவிட்சுக்குக் கீழேயும் படம் போட்ட ஸ்டிக்கர் வேறு. தில்லியில் எவன் இவ்வளவு செய்கிறான்?

காமாக்ஷி சிரித்துவிட்டாள்.

“அச்சா, ஸ்டிக்கர் வேற ஒட்டினியா? பையா, எனக்கு இது இருபத்தாறு வருஷப் பழக்கம். படம் ஒட்டினா மாறிடுமா?”

பதில் சொல்ல வாயெடுத்த மதன், ஒரு கணம் அவளையே பார்த்தான். என்ன நினைத்தானோ, ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போர்டைக் கழற்ற ஆரம்பித்தான்.

பட்டாபி பக்கத்தில் நின்று வரிசை சொன்னார். அவர் தப்பாகச் சொன்ன போதெல்லாம் அடுத்த அறையிலிருந்து திருத்தம் வந்தது. நாலாவது மிக்ஸி இல்லை, வாட்டர் ஃபில்டர் என்றாள். இரண்டாவது டியூப்லைட், இதுகூடவா தெரியாது என்றாள். பட்டாபிக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. எந்தச் சுவிட்ச் எதற்கு என்று அவர் யோசித்ததே இல்லை. ஆபீஸ் போன காலத்திலும் சரி, இப்போது வாக்கிங் போய் வரும்போதும் சரி, அவர் படியேறும்போதே வாசலில் வெளிச்சம் இருக்கும். உட்காருவதற்குள் ஃபேன் சுற்றும். எல்லாம் தானாக நடக்கிற வீடு என்றே நினைத்துப் பழகிவிட்டார்.

வேலை முடிய இருட்டிவிட்டது. மதன் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே, மாதாஜிக்கு எந்தக் கஷ்டம் என்றாலும் உடனே தன்னைக் கூப்பிட வேண்டும் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனான்.

“நான் ஒரு தடவை சரிபார்த்துடறேன். அப்புறம் பொண்ணுக்கு போன் பண்ணுங்கோ” என்று காமாக்ஷி கிளம்பினாள்.

குளியலறையில் எக்ஸாஸ்ட் உறுமியதும், சரி என்றாள். பெட்ரூம் போர்டின் ஓரத்தைத் தடவி, கோணல் போய்விட்டது என்றாள். ஹாலில் ஃபேனைப் போட்டுக் காற்று முகத்தில் படும்வரை நின்றாள். கடைசியாகக் கதவைத் திறந்து வைத்து, ஓரத்து முதல் சுவிட்சை அழுத்தினாள். பட்டாபி கையில் போனோடு அருகில் வந்து நின்றார்.

“தனியா இருக்கச்சே இதை நான் எதுக்குப் போடப்போறேன்? வெளிச்சமும் இருட்டும் எனக்கு ஒண்ணாகிப் பதினெட்டு வருஷமாச்சு. நீங்க திரும்பி வரச்சே வாசல் இருட்டா இருக்கப்படாது, அதுக்குத்தான் இத்தனை பாடு. ஃபேன்னா காத்து சொல்லிடும், இதை யார் சொல்லுவா? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கோளேன், எரியறதா?”