ஒரே கதை, நாலு அட்டை

“ஞாயித்துக்கிழமை பெங்களூர்லேர்ந்து ஒருத்தர் வரார். அந்த நாலு அட்டை காமிக்ஸை வாங்கவே வரார்” என்றார் கபாலி, ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே.

நீரஜாவின் கையிலிருந்த கரண்டி நழுவி ரசப் பாத்திரத்துக்குள் விழுந்தது.

மயிலாப்பூரில் அந்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்து நாலு மாசம்கூட ஆகவில்லை. கபாலி, அவள் கணவன் சாம்புவின் அண்ணா. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அலமாரி நிறைய காமிக்ஸ். படிப்பதற்கு இல்லை. விலை ஏறட்டும் என்று ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்.

ஒரு தடவை சாம்பு அதில் ஒன்றை மடித்து வைத்துப் படித்துவிட்டானாம். கபாலி தம்பியோடு ஒரு வருஷம் பேசவில்லை. வந்த புதிதிலேயே மாமியார் சொல்லி வைத்திருந்தாள்.

“ஒரே கதைதானேண்ணா? எதுக்கு நாலு?” என்று கேட்டான் சாம்பு.

“உள்ளே கதை ஒண்ணுதான்டா. அட்டை நாலு விதம். மறுபதிப்பு எத்தனை வேணா போடுவான், அதுக்கு மதிப்பு கிடையாது. இது முதல் பதிப்பு. நாலையும் சேர்க்க அமெரிக்காவில என் சிநேகிதன் கடை கடையா அலைஞ்சான். செட்டாக் குடுத்தா ஒரு ஸ்கூட்டரே வாங்கலாம். ஒண்ணு குறைஞ்சாலும் போச்சு.”

நீரஜா ரசத்துக்குள் விழுந்த கரண்டியைத் துழாவினாள்.

போகிக்காக வீட்டைச் சுத்தம் செய்த அன்று, மழை ஈரம் போகட்டும் என்று கபாலி அந்த நாலும் இருந்த பெட்டியைக் கூடத்தில் திறந்து வைத்துவிட்டு ஆபீஸ் போயிருந்தார். அவள்தான் தூசி தட்டினாள். ஒரே பெயர், ஒரே நம்பர், நாலு புத்தகம். பிரித்துப் பார்த்தாள். உள்ளேயும் அதே படங்கள். ஒன்றை மட்டும் வைத்துவிட்டு, மூன்றைப் பழைய பேப்பரோடு கட்டிக் கடையில் போட்டுவிட்டாள். இடம் மிச்சமாகுமே என்று நினைத்தாள்.

மறுநாள் காலை, கறிகாய் வாங்கும் சாக்கில் பழைய பேப்பர் கடைக்கு ஓடினாள்.

கடைக்காரர் அக்பர் பாஷா உதட்டைப் பிதுக்கினார். “கலர் கலரா படம் போட்ட புக்கா? அது அப்பவே சைதாப்பேட்டை பூட்ச்சும்மா. மளிகைக் கடைக்குப் பேப்பர் கவர் ஒட்றவங்க வாங்கினு போனாங்க. இந்நேரம் கிழிச்சிருப்பாங்க.”

“ஒண்ணாவது கிடைக்குமா?”

“எங்கம்மா கெடைக்கும்? இன்னாம்மா இப்டி நடுங்கறே? உக்காரு, தண்ணி குடி.”

அவள் உட்காரவில்லை.

சாம்புவிடம் சொன்னாள். அவன் முகம் வெளுத்துவிட்டது.

“ஐயையோ! நீயே அண்ணாகிட்ட சொல்லிடு. எனக்கு எதுவும் தெரியாத மாதிரி நான் இருந்துடறேன்” என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

வாசலில் கபாலியின் செருப்புச் சத்தம் கேட்டாலே அவள் அவசர அவசரமாகக் காபி கலக்க ஓடுவாள். சொல்லிவிடலாம் என்று அவர் அறை வாசல்வரை போவாள். “என்னம்மா?” என்று அவர் நிமிர்ந்ததும் “ஒண்ணுமில்லேண்ணா” என்று திரும்பிவிடுவாள். அப்பாவைக் கூப்பிட்டு அனுப்புவார்களோ? பிறந்த வீட்டுக்கே போ என்று சொல்லிவிடுவார்களோ?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெங்களூர்க்காரரும் வந்தார். பெயர் அச்யுத். கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கபாலி பெட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். சாவியைத் திருப்பினார்.

நீரஜா எழுந்தாள். இனியும் தாங்காது என்று முன்னால் வந்தாள்.

“அண்ணா... அது... நான்தான்...”

“நீ இரும்மா. பேசிண்டிருக்கோம்ல?” என்று அதட்டினார் கபாலி. பிறகு அச்யுத்தைப் பார்த்துக் கை கூப்பினார்.

“மன்னிக்கணும் சார். உங்களை வீணா அலைய வெச்சுட்டேன். நேத்து ராத்திரிதான் நன்னாப் பார்த்தேன். ஒண்ணுதான் முதல் பதிப்பு. மத்த மூணும் மறுபதிப்பு. அசடு மாதிரி ஏமாந்துட்டேன். கோவத்துல கிழிச்சுப் போட்டுட்டேன்.”

நீரஜா சட்டென்று நிமிர்ந்து கபாலியைப் பார்த்தாள்.

அச்யுத்துக்கு முகம் சிவந்தது. “முதல் பதிப்பு எது, மறுபதிப்பு எதுன்னுகூடத் தெரியாதா உங்களுக்கு? மெட்ராஸ்லயே பெரிய காமிக்ஸ் கலெக்டர்னு உங்களைத் தேடி வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும். இனிமே நம்ம ஆளுங்க யாரும் உங்ககிட்ட ஒரு புத்தகம் வாங்க மாட்டாங்க. நான் சொல்லிடறேன்.”

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

“நன்னா ஏமாந்தே போ!” என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். “இந்தக் குப்பைக்கா தம்பியோட பேசாம இருந்தே?”

சாம்பு விழுந்து விழுந்து சிரித்தான்.

கபாலி பெட்டியை மூடி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

நீரஜா சமையலறைக்குப் போய், சுவரைப் பார்த்தபடி அழுதாள். பின்னால் கதவோரம் யாரோ கனைத்தார்கள். கபாலி.

“நேத்து பாஷா கடைப் பக்கம் போனேன். ‘உங்க வீட்டுப் பொண்ணு ரொம்ப பயந்துகினு கீது சார்’னு எல்லாத்தையும் சொன்னார்” என்றார் மெதுவாக. “அப்பதான் புரிஞ்சுது, ரெண்டு மூணு நாளா என் காபில மட்டும் சக்கரைக்குப் பதிலா ஏன் உப்பு விழறதுன்னு. இன்னிக்காவது சக்கரை போட்டுக் குடும்மா.”