மூன்றாவது ஆட்டம்

லயனல் இரண்டாவது முறையும் இமோஜெனின் கையைப் பிடித்துக்கொண்டு நடனக் கூடத்தின் நடுவுக்குப் போனான்.

சுவரோர நாற்காலியில் இருந்த டெபோரா தன் வலது கையுறையைக் கழற்றினாள். மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

இரண்டு ஆட்டம் வரை தப்பில்லை.

அவளால் எழுந்து போய் ஆட முடியாது. அது அவளே தேடிக்கொண்டது. பிடில்காரர்கள் வந்து அமர்ந்ததுமே கிழவர் ப்ரையர் அவள் முன்னால் குனிந்து கேட்டார். முதல் ஆட்டத்துக்கு வருடா வருடம் கணவன் லயனல்தான் கூப்பிடுவான். அந்த நினைப்பில் முடியாது என்று சொல்லிவிட்டாள்.

ஒருவரை மறுத்த பெண் அன்று முழுக்க யாருடனும் ஆடக் கூடாது. இருநூறு வருடத்துக்கு முந்தைய வழக்கம்.

பாத் என்ற ஆங்கிலேய நகரத்தில் வருடத்துக்கு ஒரு நாள் அந்தக் காலத்து உடையில் கூடுகிறவர்கள் இவர்கள். வாசலில் காரை நிறுத்திவிட்டுத்தான் வருவார்கள். உள்ளே வந்துவிட்டால் வழக்கத்தை மீறமாட்டார்கள்.

லயனல் அந்தக் காலத்துக் கதைகளைத்தான் எழுதுகிறான். இதுவரை ஏழு நாவல்கள். எப்படிக் குனிய வேண்டும், யார் யாருக்கு முன்னால் சாப்பாட்டு மேசைக்குப் போக வேண்டும், எல்லாவற்றுக்கும் ஆதாரம் தேடித் தருகிறவள் டெபோரா. காப்பகத்தில் பழைய கடிதங்களைப் படிப்பாள். ஒரு வழக்கத்துக்கு ஒரு அட்டையாக எழுதித் தகரப் பெட்டியில் அடுக்குவாள்.

கறுப்பு மை. சின்னச் சின்ன எழுத்து.

நான்கு மாதத்துக்கு முன்னால் உதவிக்கு என்று இமோஜெனை அழைத்து வந்தான். போன வாரம் பெட்டியைத் திறந்தபோது பச்சை மையில் ஒரு அட்டை இருந்தது. விசிறி பிடிக்கும் விதம் பற்றி. உருண்டை உருண்டையான எழுத்து.

நல்ல குறிப்பு அது. டெபோரா கண்டுபிடித்திருக்க வேண்டியது.

பிடில் நின்றது. ஆடியவர்கள் ஒருவருக்கொருவர் குனிந்து பிரிந்தார்கள். ஆடிய பெண்ணை அவள் நாற்காலியில் கொண்டுவந்து விடுவதுதான் முறை.

லயனல் விடவில்லை.

பக்கத்து நாற்காலியில் இருந்த மிசஸ் பாஸ்க் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "என்னடி, உன் ஆளு மறுபடியும் வரிசையில நிக்கிறான்?"

"ஆராய்ச்சிக்காக இருக்கும்."

"ஆமாமா. ஆராய்ச்சி இப்ப இடுப்பு வரைக்கும் வந்திருக்கு."



ஒரே பெண்ணோடு மூன்றாவது முறை ஆடுகிறவன் அவளைக் கட்டிக்கொள்ளப்போகிறான் என்று ஊர் எடுத்துக்கொள்ளும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஏழு நாவல்களில் நான்கில் லயனல் இதை எழுதியிருக்கிறான். மறந்திருக்க முடியாது.

மறந்திருக்கக் கூடாதா என்று இருந்தது அவளுக்கு.

பிடில் தொடங்கியது.

எழுந்து நடுவில் போய் நின்றுவிடலாம். என் கணவன் என்று கையைப் பிடித்து இழுக்கலாம். நாற்காலியின் கைகளை அழுத்திப் பாதி எழுந்தாள். கூடமே அவளைப் பார்ப்பதுபோல் இருந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

சுற்றி வந்த இமோஜென் அவளைப் பார்த்துச் சிரித்தாள். ஜெயித்த சிரிப்பில்லை. குற்றம் செய்த சிரிப்புமில்லை. பாவம், களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைக்கிற சிரிப்பு.

டெபோராவுக்கு அந்தச் சிரிப்பு தெரியும்.

மூன்றாவது ஆட்டத்தைப் பற்றிய அட்டையும் அவளுக்கு மனப்பாடம். ஆனால் அது அவள் எழுதியதல்ல. பெட்டி அவள் கைக்கு வந்தபோதே உள்ளே இருந்தது. ஊதா மை. வலப்பக்கம் சாய்ந்த எழுத்து.

ஹெஸ்டரின் எழுத்து. அப்போது லயனலின் மனைவி அவள்தான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே கூடத்தில் லயனல் மூன்றாவது முறையாக டெபோராவின் கையைப் பிடித்தபோது, ஹெஸ்டர் சுவரோரம் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினாள், மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

அன்று டெபோரா அவளைப் பார்த்துச் சிரித்தாள்.