கடிதத்தின் அடி மூலை

செஞ்சிக் கடைத்தெருவில், மளிகைக்கடை சம்பந்தத்தின் கையில் மீனம்பாளுக்கு வந்த பட்டாளத்துக் கடிதம் படபடக்கிறது. ஒட்டுப் பிரிக்காமல் கொண்டுவந்து, படிக்கச் சொல்லித்தான் கொடுத்தாள். ‘பிடித்த மலையை விட்டு இறங்கச் சொல்லிவிட்டார்கள்’ என்ற மூன்றாம் வரியிலேயே பக்கத்துக்கடை ராஜகோபால் பாய்ந்துவிட்டார். “ரத்தம் சிந்திப் புடிச்ச எடம்யா! தாஷ்கண்ட்ல கையெழுத்தப் போட்டு எதுக்கு பாகிஸ்தானுக்குத் திருப்பிக் குடுத்துச்சு உங்க கட்சி?” கறுப்பு சிவப்புக் கரைத் துண்டு அவர் தோளிலிருந்து நழுவுகிறது. “சண்டை நின்னா உங்க கட்சிக்கு இன்னாய்யா நஷ்டம்? ஓட்டு கொறைஞ்சிடுமா?” கதர்ச்சட்டை சம்பந்தம் கடிதத்தாலேயே அவர் முகத்துக்கு நேரே குத்துகிறார்.

மாசி வெயில் ராஜகிரிக் கோட்டைப் பாறைகளில் பட்டு, தெருவுக்குள் தெறிக்கிறது. வாசலில் வெறுங்காலை மாற்றி மாற்றி வைத்தபடி நிற்கிறாள் மீனம்பாள். தாள் போகும் பக்கமெல்லாம் அவள் கழுத்தும் போகிறது. போன வாரம் பக்கத்தில் தொண்டூரில் ஒரு வீட்டுக்கு வந்த பட்டாளத்துக் கடிதத்தை அந்த வீட்டுப் பிள்ளை எழுதவில்லை. அவன் செத்துப்போன சேதியைக் கூட இருந்தவன் எழுதியிருந்தான். அவள் மகன் கன்னியப்பன் எழுதினால், படிக்கத் தெரியாத அம்மா கண்டுகொள்ளட்டும் என்று, கடைசியில் கட்டைவிரலை மசியில் தொட்டு ரேகை பதிப்பான். அது இருந்தால் போதும், மற்றதெல்லாம் அப்புறம். அந்த அடி மூலையைத்தான் சம்பந்தத்தின் விரல் அழுத்திப் பிடித்திருக்கிறது.

“நீயே சொல்லு மீனம்பா. தப்பு எங்க கட்சி மேலயா, இவரு கட்சி மேலயா?” சம்பந்தம் அவள் பக்கம் திரும்புகிறார்.

இருவரும் அவளையே பார்க்கிறார்கள்.

“ஐயா, அந்த வெரலக் கொஞ்சம் எடுங்க.”